நெறிமுறை என்னும் ஒரு சொல்: இணையவழிக் கணினி ஆசிரியர் பயிற்சியில் தொடர்பாடல்

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலில் 'நெறிமுறை' ஒரு கலைச்சொல். சிக்கலொன்றைத் தீர்க்கும் படிநிலைகளின் வரிசையை அது சுட்டும். உள்ளீடு, வெளியீடு, ஐயத்திற்கு இடமற்ற படிகள், முடிவுறும் தன்மை ஆகியவை அதன் இலக்கணம். இணையவழிப் பயிற்சிக்குமுன் ஆசிரியர்களுக்குத் தரப்படும் அறிவுரைகளையும் 'நெறிமுறைகள்' என்றே வழங்குகிறோம். முதற்பொருளின் இலக்கணத்தால் இரண்டாம் பொருளை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும், அடுத்த கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. பின்னதில் பைத்தான் மொழி இடம்பெற்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் ஆசிரியர் பயிற்சி பெரிதும் இணையத்திற்கு மாறியது. அவ்வாண்டு அக்டோபரில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சியும் தீக்ஷா தளத்தின்வழித் தொடங்கியது.

தாராபுரத்திலிருந்து மாவட்டத் தலைநகரான திருப்பூர் ஏறத்தாழ 50 கி.மீ. அப்பேருந்துப் பயணம் மிச்சமாவது சிறு நன்மையன்று. ஆனால் நேரடிப் பயிற்சியில் அடுத்த இருக்கையில் அமர்ந்தவர் எட்டிப் பார்த்து, "முக்காற்புள்ளி விடுபட்டுள்ளது" என்று சொல்லிவிடுவார். தம் பள்ளியில் கணினிப் பாடத்துக்குத் தாம் ஒருவரே ஆசிரியராயின், இணையவழியில் அவருக்கு அந்தத் துணை இல்லை. அவ்விடத்தை நிரப்பவேண்டியவை தொடர்பாடல் நெறிமுறைகளே.

அவை பெரும்பாலும் ஒலிவாங்கியை அணைத்தல், பெயரோடு பள்ளியைக் குறித்தல், உரிய நேரத்தில் இணைதல் பற்றியே பேசுகின்றன. இவை வருகைக்கான விதிகள்; இவற்றில் தெளிவுக்குக் குறைவில்லை. 'ஐயங்களைத் தெரிவிக்கலாம்' என்ற இடத்தில்தான் நெறிமுறை குலைகிறது. எவ்வடிவில் கேட்பது? யார், எப்போது விடையளிப்பார்? மாணவர் ஒருவர் இப்படி ஒரு நெறிமுறையைத் தேர்வில் எழுதினால் நாம் மதிப்பெண் தரமாட்டோம்.

நிரலொன்று இயங்காதபோது ஆசிரியர் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார் எனக் கொள்வோம். உள்தள்ளலில் தத்தல் குறியும் வெற்றிடமும் முரண்படக் கலந்தால் பைத்தான் 3 அந்நிரலை ஏற்காது. படத்திலோ இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரியும். சொற்செயலி நேர் மேற்கோட்குறியை வளைகுறியாக மாற்றிவிடுவதும் உண்டு. அதையும் மங்கலான படத்தில் கண்டறிவது அரிது. ஆகவே நிரலை எழுத்துவடிவிலேயே, இயலுமாயின் கோப்பாகவே அனுப்பவேண்டும். பிழைச்செய்தியின் இறுதி வரியே பிழையின் வகையைக் கூறுவதால், அதை விடாமல் சேர்க்கவேண்டும். எதிர்பார்த்த வெளியீடு எது என்பதும் தேவை.

மொழிச் சிக்கல் வேறு. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. பாடநூலோ 'மாறி', 'மடக்கு', 'செயற்கூறு' என்கிறது. 'மாறி மாறவில்லை' என்று எழுதிய ஆசிரியர் தம் தமிழையே ஐயுற்று அதை அழித்துவிடக்கூடும்! கலைச்சொல்லையும் திரையில் தோன்றும் ஆங்கிலச் சொல்லையும் ஒருசேர எழுதலாம் என நெறிமுறை வெளிப்படையாக இசைவளித்தால் இத்தயக்கம் பெரிதும் குறையும்.

இத்தனை நிபந்தனைகள் வினவுவோரை மிரட்டாவா எனலாம். அவை வினவுவோர்க்கு மட்டுமே விதிக்கப்பட்டால் மிரட்டும். பயிற்றுநர்க்கும் கடமை வரையறுக்கப்படவேண்டும்: விடையளிக்கும் கால எல்லை, விடையளிப்பவர் பெயர், வினாவைப் பிறரும் காணும் பொதுவிடம். விடை அனுப்பியதும் வினா முடிந்ததாகாது. கேட்டவர் தம் கணினியில் நிரலை மீண்டும் இயக்கி, வெளியீட்டைத் தெரிவித்த பின்னரே அதை முடிவுற்றதாகக் குறிக்கவேண்டும்.