பூங்குழலியின் படகு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்ததை ஒட்டி எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இன்னும் அடங்கியபாடில்லை. முதற் பாகம் 2022 செப்டெம்பர் 30 ஆம் திகதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 ஆம் திகதியும் வெளியாயின. திம்புள்ளை மலைகளில் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர் லயத்து வாசலிலும், எமது பாடசாலையின் ஆசிரியர் அறையிலும், உயர்தர வகுப்பிலும் இதே பேச்சுத்தான். “நாவலில் இப்படி இல்லையே, சேர்!” என்று மாணவர்கள் வந்து முறையிட்டார்கள். கடம்பூர் மாளிகையின் மணிமேகலை எங்கே போனாள்? நந்தினியின் முடிவை மாற்ற மணிரத்தினத்துக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? ஆதித்த கரிகாலன் மாண்ட விதத்தைக் கல்கியே திரை போட்டு மூடி வைத்திருக்க, அதைத் திறந்து காட்டியது சரியா? முறைப்பாடுகளின் பட்டியல் நீளமானது.

இத்தகைய வாதங்களைக் கேலி செய்து ஒதுக்குவது படித்தவர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது எமது தோட்டத்துக் கிழவர்கள் சும்மா இருந்து பார்ப்பவர்களல்லர். ரதியின் ஒப்பாரியில் ஓரடி விட்டுப்போனாலும் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவார்கள். கதை தம்முடையது என்ற உரிமை அவர்களுக்கு உண்டு. கல்கியின் வாசகர்களும் இவ்வுரிமையை விட்டுக்கொடுத்தவர்களல்லர். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்த அவர்கள், கதை முடிந்ததும் ‘அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்’ என்று கேட்டுத் தொளைத்தமையினாலேயே ஆசிரியர் ஒரு முடிவுரை எழுதி விடையளிக்க வேண்டியதாயிற்று. ஆதலின் இன்றைய பார்வையாளர் வாதம் புதியதுமன்று, இழிவானதுமன்று. அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், வேறோர் இடத்தில் நின்று கொண்டிருக்கிறது என்பதே என் குறை.

ஐந்து பாகங்களில் மூன்றரை ஆண்டு காலம் ஓடிய கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்குபவர் எவராயினும் வெட்டித்தான் ஆக வேண்டும். எம்.ஜி.ஆர். 1958 இல் படமாக்க முனைந்தும் நிறைவேறவில்லை. 1999 இல் சென்னையில் மேடையேறிய மேஜிக் லாண்டர்ன் குழுவினரின் நாடகமும் வெட்டியே நடந்தது. கத்தரிக்கோலைப் பிடித்ததற்காக நெறியாளரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அந்தக் கத்தரிக்கோல் எங்கே விழுந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அது விழுந்த இடங்களில் எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது சேந்தன் அமுதனின் கதை. நாவலில் இவன் தஞ்சையில் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் ஏழை இளைஞன். பேச இயலாத வாணி அம்மையின் மகனாக வளர்கிறவன். கதை முடிவில், செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான மதுராந்தகன் இவனே என்று தெரிய வருகிறது. அருள்மொழிவர்மன் தனக்குரிய மகுடத்தை இவன் தலையில் சூட்டுகிறான். திரைப்படத்தில் இந்த முடிச்சே இல்லை. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனே முடி சூடுகிறான். அமுதன் வந்ததும் போனதும் தெரியாமல் போகிறான். “பூக்காரனை அரசனாக்கிய கல்கியின் சமத்துவத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள்” என்று என் மாணவர்களில் ஒருவர் கொதித்தார். நல்ல கொதிப்புத்தான். ஆனால் கல்கி உண்மையில் பூக்காரனை அரசனாக்கினாரா?

இங்கே சிறிது நின்று யோசிக்க வேண்டும். அமுதன் அரசனாவது அவன் நல்லவன் என்பதற்காக அன்று. பூக்காரன் என்பதற்காகவும் அன்று. அவன் உடம்பில் ஓடியது கண்டராதித்தரின் இரத்தம் என்பதற்காகவே. அரண்மனையில் பட்டு மெத்தையில் வளர்ந்த மற்றவனோ ஊமை மந்தாகினியின் மகன் என்று தெரிந்ததும் அரசுரிமையிலிருந்து கழன்று விடுகிறான். கீழிருந்து ஒருவன் மேலே ஏறுவது போன்ற மயக்கத்தைத் தந்துவிட்டு, அவன் என்றுமே கீழே இருந்தவனல்லன் என்று கதை முடிகிறது. வாரிசு முறைக்கு இதனிலும் இனிமையான வக்காலத்து இருக்க முடியாது. கல்கி தெரிந்தே சூழ்ச்சி செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் பெரிய கதைசொல்லி. தேசிய இயக்கத்தில் சிறை சென்றவர். உளமாரச் சமரசம் விரும்பியவர். ஆயினும் அவருடைய கற்பனை அரண்மனை வாசலில் வந்து நின்றுவிட்டது. திரைப்படம் அமுதனை வெட்டியபோது சமத்துவம் போகவில்லை. சமத்துவத்தின் வேஷம்தான் போயிற்று. போனதற்காக அழுவதா என்பது ஒவ்வொருவர் மனத்தைப் பொறுத்தது.

பூங்குழலியின் நிலை இதற்கு நேர்மாறானது. கோடிக்கரையிலிருந்து தன்னந்தனியாகப் படகு வலித்து ஈழத்துக்கு ஆள் கடத்திவிடும் அந்தப் பெண்ணை, நாவல் முடிவில் கல்கி உத்தம சோழனின் பட்டத்தரசியாக்கித் தஞ்சாவூரில் இருத்தி விடுகிறார். சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லித் திரிந்தவளுக்கு அந்தப்புரத்தில் என்ன வேலை என்று நான் சிறு பிராயத்திலேயே வருந்தியதுண்டு. திரைப்படத்தில் அவளுக்கு மகுடம் இல்லை, மணமும் இல்லை. அவள் படகுக்காரியாகவே வந்து படகுக்காரியாகவே நிற்கிறாள். பெரும்பாலான ரசிகர்கள் இதனைக் குறை என்றார்கள். படம் செய்த மாற்றங்களில் கல்கியை மிஞ்சிய ஓரிடம் இதுவே என்று சொல்வேன். நெறியாளர் நினைத்துச் செய்தாரா, நேரம் போதாமல் செய்தாரா என்பது வேறு விஷயம்.

சீனத்திலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. நமது பாடநூல்களில் யுவான் சுவாங் என்று வரும் யாத்திரிகரைச் சுற்றி மக்கள் கட்டிய மாயக் கதைகள், பதினாறாம் நூற்றாண்டில் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற நூறு அத்தியாய நவீனமாகத் திரண்டன. சீனத் தொலைக்காட்சி 1986 இல் அதை 25 பகுதிகளாகக் காட்டியது. விடுபட்ட சம்பவங்களைப் பின்னும் படமாக்கி 2000 ஆம் ஆண்டில் மேலும் 16 பகுதிகளாகக் காட்ட நேர்ந்தது. அவ்வளவு பசி பார்வையாளருக்கு! ஆனால் அந்நூலைப் பற்றிச் சீன விமர்சகர்கள் 1950களிலேயே எழுப்பிய கேள்வி இதைக் காட்டிலும் ஆழமானது. தேவலோகத்தையே கலக்கிய குரங்கு வீரன், பின்பு அதே தேவலோகத்தின் ஏவலாளாய், தன்னைப் போன்ற பூதங்களை அடித்து நொறுக்கிக்கொண்டு ஏன் போகிறான்? கலகக்காரன் எங்கே, எதற்காகப் பணிந்தான்? நாவலும் படமும் ஒத்திருக்கின்றனவா என்ற விசாரணையோடு அவர்கள் நிற்கவில்லை. நாவலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். நாம் அந்தப் படிக்கு இன்னும் வரவில்லை.

வந்திருந்தால் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலிலுள்ள அந்தச் சாசனம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிமுதலானதையும் கூறுகிறது. இவர்கள் பிரமாதிராசன் என்ற உயர்பட்டம் தாங்கிய பிராமண அதிகாரிகள். கல்கியின் நாவலில் ரவிதாசன் காட்டுக்குள் ஆந்தைக் குரல் கொடுக்கும் மந்திரவாதி, பாண்டியன் ஆபத்துதவி. அரசாங்கத்தின் மேல்தட்டில் நடந்த கொலை, மயானத்து மாந்திரீகமாகவும் ஒரு பெண்ணின் பழிக்குப்பழியாகவும் உருமாறியது. படம் இந்த உருமாற்றத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. கல்கியை மாற்றிவிட்டார்கள் என்று கூவியவர்களில் எத்தனை பேர், கல்கி கல்வெட்டை மாற்றியதைப் பற்றி வாய் திறந்தார்கள்? நாவலாசிரியனுக்குக் கற்பனைச் சுதந்திரம் உண்டு. ஆனால் கற்பனையைச் சரித்திரமென்று பரீட்சைத் தாளில் எழுதும் மாணவனை நான் கண்டிருக்கிறேன். மதிப்பெண் போட்ட ஆசிரியரையும் கண்டிருக்கிறேன்.

மலையகத்தில் இருப்பவனுக்கு இது வெறும் பண்டித விவகாரமன்று. நாவலின் ஈழப் பகுதியில் அருள்மொழிவர்மன் விகாரைகளைப் பேணுகிறான். பிக்குகள் சிங்காசனத்தையே நீட்ட, வேண்டாமென்று மறுக்கிறான். படித்துக் கண் கலங்காதவர் இல்லை. முற்றிலும் பொய்யென்றும் தள்ள முடியாது. திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரை ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ச் சாசனங்கள் சுமந்து நிற்கிறது. ஆயினும் அதே அரசனின் படைதான் 993 அளவில் அநுராதபுரத்தை அழித்தது. 1017 இல் அவன் மகன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சென்றான். விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் கூறுகிறது. ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெருங்கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் அனுப்பக் கடமைப்பட்டதைத் தஞ்சைக் கல்வெட்டே கூறுகிறது. இந்தக் கதையில் நமக்கு என்ன பங்கு? பேரினவாதம் பேசுவோர் தோட்டத் தொழிலாளியையும் சோழப் படையெடுப்பின் எச்சமென்று பழிக்கத் தயங்குவதில்லை. நம்மவரில் சிலரோ அந்தப் பழியையே பட்டமாக எண்ணி நெஞ்சில் புலிக்கொடி குத்திக்கொள்கிறார்கள்.

நமது முன்னோர் எந்தப் படையோடும் வரவில்லை. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் அவர்களுடைய மூதாதையரைத் தேடினால், வரி நீங்கிய நிலங்களின் வரிசையில், சுடுகாட்டோடும் வாய்க்காலோடும் சேர்த்துச் சொல்லப்படும் பறைச்சேரியிலும் தீண்டாச்சேரியிலும்தான் காணலாம். பொற்காலத்தில் அவர்கள் இருந்த இடம் அது. 2019 இல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் இதையொட்டிப் பேசியதற்காக அவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2022 இல் வெற்றிமாறன் ராஜராஜனின் சமய அடையாளத்தைப் பற்றிப் பேசியபோதும் பெரிய அமளி எழுந்தது. அரசன் சைவனா, இந்துவா என்று பல வாரங்கள் வாதாடினோம். சேரிக்காரன் என்னவாக இருந்தான் என்பதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

கால ஒற்றுமை ஒன்றையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. கல்கி இந்த நாவலைத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப முடியவில்லை. அருள்மொழிவர்மன் ஈழத்துச் சிங்காசனத்தை மறுத்த அத்தியாயம் அச்சேறிய நாட்களில், அவனுடைய நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஈழத்தில் ஒரு வாக்குச் சீட்டும் மறுக்கப்பட்டிருந்தது! அந்த 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, நாவல் முடிந்த அதே 1954 இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது ஆங்கில நெடுங்கவிதையை வெளியிட்டார். ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று அது பின்னர் தமிழில் வந்தது. அதில் மகுடமில்லை, சூழ்ச்சியுமில்லை. தேயிலைச் செடியின் அடியில் புதையுண்டவர்கள் இருக்கிறார்கள். அதைப் படமாக்க வேண்டும் என்று வாதாடிய ரசிகரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தேயிலையைப் பற்றிய நாவல் படமாகாமலில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்து தொழிற்சங்கமும் கட்டிய பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்தது. அதைத் தழுவி பாலா எடுத்த ‘பரதேசி’ 2013 இல் வெளியாயிற்று. நூலில் கொள்ளை நோயோடு போராடும் மருத்துவர், படத்தில் மதம் மாற்றவென்று ஆடிப்பாடி வரும் கோமாளியானார். நந்தினியின் முடிவை மாற்றியதைவிட இது எத்தனையோ மடங்கு கொடிய மாற்றம். உழைத்தவர்களோடு நின்ற ஒரு மனிதரின் வாழ்வையே புரட்டிய மாற்றம். கண்டித்து எழுதியவர்கள் உண்டு. ஆயினும் அது சிறு வட்டத்துக்குள் முடிந்த சச்சரவு. லயத்து வாசலில் யாரும் அதற்காகக் குரலுயர்த்தி நான் கேட்கவில்லை. நம்முடைய கதையில் ஓரடி விட்டுப்போனபோது ஆட்டத்தை நிறுத்த ஒரு கிழவரும் இருக்கவில்லை.

இதையெல்லாம் உயர்தர வகுப்பில் ஒரு நாள் பேசினேன். அரைவாசிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். கல்கியைக் குறை சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. கடைசி வாங்கிலிருந்த மாணவியொருத்தி மட்டும், தாய் கொழுந்து பறிப்பவள், எழுந்து கேட்டாள்: “அந்தக் கடலைக் கடத்திவிட்டதுக்குப் பூங்குழலிக்கு யாராவது கூலி கொடுத்தாங்களா, சேர்?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நூலகத்திலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதன் முதல் அத்தியாயத்தின் பெயரே பூங்குழலிதான். தவணை முடிந்தும் அவள் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. இப்போது வீட்டில் தாய்க்கு வாசித்துக் காட்டுகிறாளாம்.