சேலத்து அக்டோபர்

திருவிழா நடத்துகிற ஊர் எல்லோரையும் வா வா என்றுதான் அழைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் அப்படி அழைத்துவிட்டு, கூடவே காரில் மட்டும் வந்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சுகிறது. (நம் மாம்பழச் சேலம் இல்லை, பாஸ்டனுக்கு வடக்கே அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கடலோர ஊர்.) அக்டோபர் சனி, ஞாயிறுகளில் வாகன நிறுத்தங்கள் காலையிலேயே நிரம்பிவிடுகின்றன, பழைய குறுகல் தெருக்களில் வண்டி நகர்வதில்லை, ரயிலிலோ பாஸ்டனிலிருந்து படகிலோ வாருங்கள் என்று நகர நிர்வாகமே சொல்கிறது. ஊரின் மக்கள்தொகை சுமார் 44,000. 2022 அக்டோபரில் வந்துபோனவர்கள் முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

‘ஹான்டட் ஹாப்பனிங்ஸ்’ என்ற பெயரில் 1982இல், அக்டோபர் 31 ஹாலோவீனை ஒட்டிய ஒரு வார இறுதிக் கொண்டாட்டமாக இது தொடங்கியது. இன்று மாதம் முழுவதும் நடக்கிறது. முதல் வியாழக்கிழமை மாலை பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் வேடமிட்டு ஊர்வலம் போவார்கள். அதன்பின் பேய் வீடுகள், இருட்டில் விளக்கேந்திய வழிகாட்டியோடு நடக்கும் ஆவிக்கதை நடைகள், குறி சொல்வோர் சந்தை, மைதானத்தில் திரைப்படம் என்று ஒன்றுவிடாமல் உண்டு. எசெக்ஸ் தெருவில் வண்டிகளுக்கு இடமில்லை. முகத்தில் பச்சை பூசியவர்கள், தலையில்லாதவர்கள், சங்கிலியில் கட்டிய எலும்புக்கூடுகள் நின்று படமெடுத்துக்கொள்ளச் சொல்லிக் காசு கேட்கிறார்கள். எண்ணெயில் பொரியும் மாவின் வாசனை தெருவெங்கும். கூட்டத்தில் பாதித் தலைகளில் கறுப்புக் கூம்புத் தொப்பி.

அந்தத் தொப்பிதான் சிக்கல்.

1692இல் இங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’ நாடகத்தின் வழியாக உலகுக்கே தெரிந்த கதை. பக்கத்திலிருந்த சேலம் கிராமத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்பும் பிதற்றலும் கண்டன. சூனியம் என்றார்கள். மந்திரம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கும் மேல். டாரத்தி குட் என்ற நான்கைந்து வயதுக் குழந்தையைக்கூட விலங்கிட்டுச் சிறையில் வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி இரவில் வந்து என்னைக் கிள்ளியது என்று ஒரு சிறுமி சொன்னால், அது சாட்சியமாக ஏற்கப்பட்டது. அந்த நேரத்தில் என் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பதினான்கு பெண்களும் ஐந்து ஆண்களும் தூக்கிலிடப்பட்டார்கள். நீதிமன்றத்தில் வாய்திறக்க மறுத்த எண்பது வயது ஜைல்ஸ் கோரியை மார்மீது கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் தனி.

இதில் எல்லோரும் அறியாத ஒரு செய்தி உண்டு. ‘ஆம், நான் சூனியக்காரிதான், சாத்தானோடு ஒப்பந்தம் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் ஐம்பதுக்கு மேல். அந்த வாக்குமூலத்திலேயே நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கில் தொங்கவில்லை. சாமுவேல் வார்ட்வெல் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அது பொய் என்று மறுத்தார். செப்டம்பர் 22இல் கடைசியாகத் தூக்கிலேறிய எட்டுப் பேரில் அவரும் ஒருவர். பொய்யாக ஒரு வார்த்தை சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்று அந்தப் பத்தொன்பது பேரில் பலருக்கும் தெரிந்திருக்கும். பக்தியுள்ள கிறிஸ்தவர்கள், கடவுள்முன் பொய் சொல்ல மாட்டோம் என்று செத்தார்கள். அவர்கள் தலையில் ஏற்க மறுத்த அந்தத் தொப்பியைத்தான் ஊர் இன்று விற்றுக்கொண்டிருக்கிறது.

சேலம் அக்டோபரைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் வணிகத்தைக் குறைசொல்கிறார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. சாவை வைத்து வியாபாரமா என்று கேட்பது எளிது. ஆனால் இந்த ஊருக்கு வேறு என்ன மிஞ்சியது என்றும் பார்க்க வேண்டும். பஞ்சாலை 1953இல் மூடப்பட்டது. 1958இல் பக்கத்து ஊரான பீபடியில் பேரங்காடி வளாகம் வந்ததும் சேலத்துக் கடைத்தெருவுக்கு வரும் கால்கள் குறைந்தன. மோனோபொலி விளையாட்டைத் தயாரித்த பார்க்கர் பிரதர்ஸ் தொழிற்சாலையும் 1991இல் போயிற்று. நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் இப்படித் தொழில் போய், கடைவீதி பலகையடித்துக் கிடக்கும் சிற்றூர்கள் எத்தனையோ. சேலத்தின் கடைவீதி அப்படிக் கிடக்கவில்லை. மூன்று நூற்றாண்டு பழைய வீடுகள் இடிபடாமல் நிற்பதற்கும் பார்க்க வருகிற கூட்டம் ஒரு காரணம்.

சூனியத்தை விற்பதும் புதிதன்று. 1890 வாக்கிலேயே டேனியல் லோ என்ற நகைக்கடைக்காரர் துடைப்பமேந்திய சூனியக்காரி பொறித்த வெள்ளிக் கரண்டியை நினைவுப்பொருளாக விற்று நாடெங்கும் பேர் வாங்கினார். 1970இல் ‘பிவிட்ச்ட்’ என்ற சூனியக்காரித் தொலைக்காட்சித் தொடர் சில பகுதிகளை இங்கே படமாக்கியது. 1993இல் வந்த ‘ஹோகஸ் போகஸ்’ திரைப்படத்தின் கதைக்களமும் இந்த ஊர்தான். இன்று சேலத்துக் காவல்துறை வண்டியின் கதவிலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிக்கும் ‘சூனியக்காரிகள்’ என்றுதான் பெயர்.

இன்னொரு நன்மையையும் மறைக்கக் கூடாது. வேறெங்கும் விநோதமாகப் பார்க்கப்படுகிறவர்களுக்கு இந்த ஊர் இடம் கொடுத்திருக்கிறது. விக்கா போன்ற இயற்கை வழிபாட்டு நெறிகளைப் பின்பற்றித் தம்மைச் சூனியக்காரி என்றே பெருமையோடு அழைத்துக்கொள்பவர்கள் எழுபதுகளிலிருந்து இங்கே குடியேறினார்கள். 1977இல் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ், லாரி கேபட் என்ற பெண்மணிக்குச் சேலத்தின் சூனியக்காரி என்ற பட்டத்தையே கொடுத்தார். அக்டோபர் 31 இரவு அவர்களுக்குச் சம்ஹைன், முன்னோரை நினைக்கும் புனித நாள். அவர்களுக்கும் திருவிழாவோடு வழக்கு உண்டு. எங்கள் மதத்தை ரப்பர் மூக்கும் பச்சை முகமுமாக்கிவிட்டீர்களே என்கிறார்கள். 1692இல் செத்தவர்கள் சூனியக்காரர்கள் அல்லர், இன்று வாழ்கிற இவர்கள் குற்றவாளிகள் அல்லர். இரண்டு கூட்டத்தையும் ஒரே சுவரொட்டியில் ஒட்டிவைத்திருப்பது இருவருக்குமே அநியாயம்.

ஹாலோவீனுக்கும் 1692க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்ஜெட் பிஷப் முதலில் தூக்கிலிடப்பட்டது ஜூன் 10. கடைசித் தூக்கு செப்டம்பர் 22. அக்டோபரில் யாரும் தூக்கிலேறவில்லை. சொல்லப்போனால் அந்த மாத இறுதியில்தான் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் சூனிய வழக்குகளுக்கென்று அமைத்த விசேஷ நீதிமன்றத்தையே கலைத்தார். ஊருக்கு அறிவு திரும்பத் தொடங்கிய மாதம் என்று கொண்டாடியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை.

எசெக்ஸ் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ‘பிவிட்ச்ட்’ நாயகி பிறைநிலாவின் முன் துடைப்பத்தில் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. 2005இல் ஒரு கேபிள் தொலைக்காட்சி நிறுவனம் வைத்தது. ஊரில் எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் வைத்தார்கள். அதே வாஷிங்டன் தெருவில்தான் 1692இல் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம் இருந்தது. அதைச் சொல்ல ஒரு சுவரில் ஒரு தகடு. படமெடுத்துக்கொள்ள வரிசை நிற்பது சிலைக்கு.

சில நிமிட நடையில் சார்ட்டர் தெருவின் பழைய இடுகாடு. அதை ஒட்டி, விசாரணையின் 300ஆம் ஆண்டான 1992இல் எலி வீசல் திறந்துவைத்த நினைவிடம். நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பி வந்தவர், கூட்டத்தின் வெறி என்னவென்று அறிந்தவர். நான் பார்த்த அளவில் இதைவிடக் கூர்மையான நினைவுச்சின்ன வடிவமைப்பு குறைவு. நுழைகிற இடத்தில், தரைக் கற்களில், தாங்கள் நிரபராதிகள் என்று இறந்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு வாக்கியமும் முடிவதில்லை. பாதியில் சுவரின் அடியில் போய் மறைந்துவிடுகிறது. உள்ளே தாழ்ந்த கருங்கல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபது பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், செத்த விதம், தேதி. பார்க்க உட்காரும் இருக்கை மாதிரியே இருக்கும். வெளியே தின்பண்டக் கடை. கையில் பொட்டலத்தோடு வருகிறவர்கள் கால்வலியில் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவருடைய பெயரின்மேல். அவர்களைத் திட்டிப் பயனில்லை. காலையிலிருந்து தெருவெங்கும் பொம்மை எலும்புக்கூட்டைப் பார்த்து வந்தவர்களுக்கு இது மட்டும் பொம்மையில்லை என்று யார் சொல்லி வைத்தார்கள்? பக்கத்து இடுகாட்டின் கல்லறைகள் தேய்ந்து சிதைந்ததால் அதைச் செப்பனிட்டு 2021இல் மீண்டும் திறந்தார்கள். அக்டோபரில் உள்ளே விடுவதற்கு இப்போது கட்டுப்பாடு உண்டு.

பணக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பத்து லட்சம் பேர் வந்தால் நகராட்சி கொழிக்கும் என்றுதான் நினைப்போம். மாசசூசெட்ஸில் உணவக விலைச்சீட்டின்மேல் வரி 7 சதவீதம் என்றால், அதில் 6.25 மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஊருக்கு மிஞ்சுவது 0.75. நினைவுப் பொருள்களின் விற்பனை வரியில் ஊருக்கு நேர்ப்பங்கு கிடையாது. விடுதி வரியில் நல்ல பங்கு கிடைக்கும். ஆனால் ஊரில் விடுதிகள் குறைவு, பெரும்பாலோர் காலையில் வந்து இரவு ரயிலில் திரும்புகிறவர்கள். குப்பை அள்ளுவது, தற்காலிகக் கழிப்பறை வைப்பது, வெளியூர்க் காவலர்களை வரவழைப்பது எல்லாம் சேலத்தின் தலையில். கடைக்காரருக்கு அறுவடை, ஆனால் வாடகை வீட்டிலிருந்து மருத்துவமனை வேலைக்குப் போகிறவருக்கு அக்டோபர் என்பது வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த முடியாத மாதம். ஆண்டு முழுவதும் பரவியிருக்க வேண்டிய வருமானத்தை ஒரே மாதத்தில் குவித்து வைத்திருப்பது கடைக்காரர்களுக்குமே ஆபத்துதான். நான்கு சனிக்கிழமை மழை பெய்தால் அந்த ஆண்டு போயிற்று.

1692 என்ற இந்த ஒரே கதை ஊரின் மற்றக் கதைகளையெல்லாம் விழுங்கிவிட்டது என்பது ஓர் இந்திய வாசகருக்குக் கூடுதலாக உறுத்தும். சேலத்துக் கப்பல்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கல்கத்தாவுக்கும் சுமத்ராவுக்கும் போய்த் துணியும் மிளகும் ஏற்றிவந்தன. அந்த மாலுமிகள் 1799இல் தொடங்கிய சங்கத்தின் சேகரிப்புதான் இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வித்து. எம்.எஃப். ஹுசைன் உள்ளிட்ட இந்திய நவீன ஓவியர்களின் படைப்புகள் அங்கே பெருமளவில் இருக்கின்றன. அக்டோபர் கூட்டம் அதன் வாசலைத் தாண்டி மெழுகுப் பொம்மை பார்க்கப் போகிறது. அதே அருங்காட்சியகம் 2020 முதல் 1692இன் அசல் ஆவணங்களையும் விசாரணையில் சிக்கியவர்களின் உடைமைகளையும் காட்சிக்கு வைக்கத் தொடங்கியது நல்ல திருப்பம். புகைவிட்டு அலறவைக்கும் இருட்டறையைவிட, ஒரு பெண்ணைக் கைதுசெய்யச் சொல்லும் பழுப்பேறிய அரைத்தாள் பயமுறுத்துகிறது.

அப்படியானால் திருவிழாவை நிறுத்திவிட வேண்டுமா? மௌனம் காத்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. குற்றச்சாட்டுகள் கிளம்பிய அந்தச் சேலம் கிராமம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டான்வர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சிறுமிகளுக்கு வலிப்பு வந்த பாதிரியார் வீட்டின் அடித்தளம் வீடுகளின் பின்னால் புதைந்து கிடந்து, 1970இல்தான் தோண்டி எடுக்கப்பட்டது. பெயரை மாற்றி நல்ல பேர் வாங்கிக்கொண்ட ஊரைவிட, பெயரை வைத்துக்கொண்டு தொப்பி விற்கிற ஊர் மேல் என்றுதான் சொல்வேன். அங்கே கேள்வி கேட்கவாவது ஆள் வருகிறார்கள். ஜார்க்கண்டிலும் அஸ்ஸாமிலும் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க 2001லும் 2015லும் சட்டம் போட வேண்டியிருந்த நாட்டிலிருந்து பார்க்கும்போது, இந்தக் கதையை யாரும் மறக்காமலிருப்பது நல்லதே.

வேண்டியது இரண்டையும் பிரித்துவைப்பது. ஹாலோவீன் வேடிக்கை தன் பாட்டுக்கு நடக்கட்டும், 1692ஐ அதன் சரக்காக்காமல். இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டாம். எழுத்தாளர் ஹாதார்னின் நாவலால் பெயர்பெற்ற ஏழு முகட்டு வீட்டை 1908இல் வாங்கிய கரோலைன் எம்மர்ட்டன், சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் நுழைவுக் கட்டணத்தைக் கொண்டு குடியேறிகளுக்கு வகுப்புகள் நடத்தினார். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் இருக்கிறது. அக்டோபர் நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் சிறு தொகையை நினைவிடத்துக்கும் ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒதுக்கினால் யாரும் வராமல் இருந்துவிடப் போவதில்லை. தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ்தான் என்று 2016இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள்; மறு ஆண்டு ஜூலை 19 அன்று, அதே நாளில் 1692இல் ஐந்து பெண்கள் தூக்கிலேறிய நினைவாக, அங்கே ஒரு சின்னம் திறக்கப்பட்டது. ஒரு மருந்துக்கடையின் பின்புறம் இருக்கிறது. பத்து லட்சம் பேரில் அங்கே போகிறவர்கள் சொற்பம். வீடுகள் சூழ்ந்த அந்தச் சரிவுக்குக் கூட்டத்தைத் திருப்பிவிடச் சொல்ல மாட்டேன். வழிகாட்டிகள் அதன் பெயரையாவது சொல்லலாம்.

எலிசபெத் ஜான்சன் ஜூனியர் என்ற பெண் 1693இல் மரண தண்டனை பெற்றுத் தூக்கிலிருந்து தப்பியவர். மற்றவர்களின் பெயரிலிருந்த களங்கத்தை 1711, 1957, 2001 என்று தவணை தவணையாகத் துடைத்த மாநிலம், இவரை மட்டும் விட்டுவிட்டது. நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையோடு சேர்ந்து பழைய தாள்களைப் புரட்டி, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, 2022 கோடையில் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவிக்க வைத்தார்கள். கூட்டம் முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டிய அக்டோபர் அதே ஆண்டில்தான் வந்தது.