இரட்சணிய யாத்திரிகமும் கீழ்ப்படிதலும்

நம் அருளுரைகளில் ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல் ஒலிக்காத ஞாயிறு அரிது. ஆயினும் அச்சொல் கேட்போர் உள்ளத்தில் எப்பொருளை விளைவிக்கிறது என்று நாம் ஆராய்வது குறைவு. எபிரெய மொழியில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஷாமா’ என்ற சொல்லின் முதற்பொருள் ‘கேட்டல்’ என்பதாகும். புதிய ஏற்பாட்டின் ‘ஹுபக்கோயே’ என்ற கிரேக்கச் சொல்லும் கேட்டலைக் குறிக்கும் வினையடியாகவே பிறந்தது. சவுலைச் சாமுவேல் கண்டிக்குமிடத்தில் (1 சாமு. 15) பலியினும் சிறந்ததாகக் கூறப்படுவது இச்செவிசாய்த்தலே. இறைவனை முழு இருதயத்தோடு அன்புகூரவேண்டும் என்ற கட்டளையும் (உபா. 6) ‘கேள்’ என்ற அழைப்போடுதான் தொடங்குகிறது. தமிழ்ச் சொல்லிலோ கேட்டல் மறைந்துவிட்டது. கீழே படிதல் மட்டும் எஞ்சியுள்ளது. சாதியடுக்கில் வாழும் சமுதாயத்தில், ‘கீழ்’ என்ற சொல்லைக் கேட்பவர் தம் இடம் எதுவென உடனே அறிந்துகொள்கிறார். எனவே, தமிழ்க் கிறிஸ்தவத்தின் தலைசிறந்த காப்பியம் இவ்விடரிலிருந்து நம்மை மீட்கிறதா என்று வினவுவது பயனுடையது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ஜான் பன்யன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களில் 3766 பாடல்களாக இது அமைந்துள்ளது. கம்பனில் தோய்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர், 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆதலால் பன்யனின் எளிய உரைநடை இவர் கையில் பெருங்காப்பிய நடையாக மாறியதில் வியப்பில்லை. இம்மாற்றத்தை நம் திறனாய்வாளர் பலரும் பாராட்டியுள்ளனர். பொருளில் நிகழ்ந்த மாற்றம் அந்த அளவுக்கு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

பன்யனின் கதையில் சிலுவை, பயணியின் சுமை கழன்று விழும் இடமாகச் சுருக்கமாகக் காட்டப்படுகிறது. அச்சிலுவையில் தொங்கியவரின் பாடுகள் அங்கே வரிசையாக விரித்துரைக்கப்படுவதில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில், இரட்சணிய சரிதப் படலத்தில், ஆண்டவர் கட்டுண்டு, விசாரிக்கப்பட்டு, இகழப்பட்டு, சிலுவைக்குச் செல்வதை விரிவாகப் பாடுகிறார். இது வெறும் காப்பிய அலங்காரமன்று. பயணி தன் வழியில் காட்டும் கீழ்ப்படிதலுக்கு முன்னே, குமாரனின் கீழ்ப்படிதல் வரலாறாக நிற்கிறது. நம் பணிவு நாம் சேர்த்துவைக்கும் புண்ணியமன்று. அவருடைய பணிவுக்கு நாம் கூறும் மறுமொழியே என்பது இவ்வமைப்பினால் புலனாகிறது. இது பன்யனிடத்தில் இத்துணை வெளிப்படையாக இல்லாத இறையியல் பேறு.

மேலும், கட்டிய கயிற்றை அறுத்தெறிய வல்லவர், தம்மைக் கட்டியோர்பால் கொண்ட அன்பினால் கட்டுண்டு நின்றார் என்ற கருத்தைக் கவிஞர் அங்கே அமைத்துள்ளார். கயிறு அவரைக் கட்டவில்லை, அன்பே கட்டியது. வலியோர் முன் வேறு வழியின்றி வாய்மூடி நிற்பவரின் நிலை இதுவன்று. பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும் இதையே உரைக்கிறது. அங்கே தம்மைத் தாழ்த்தியவர் தேவரூபமாயிருந்தவர். உயர்ந்த இடத்தினின்று இறங்கி வந்தவரைப் பற்றிய அப்பகுதியை நாம் பெரும்பாலும் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரை நோக்கியே போதித்து வருகிறோம். அது முதலாவதாக ஆயர்களுக்கும் சபை நிர்வாகிகளுக்கும் நிலமுடையோருக்கும் உரிய போதனை.

காப்பியத்தின் குறை எதுவெனில், அதன் அவலச்சுவையின் மிகுதியே. ஆண்டவர் படும் துயரைக் கண்டு வருந்துவோர், இக்கொடுமையைக் கண்டும் நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என்று புலம்பும் பகுதி கல்நெஞ்சையும் உருக்க வல்லது. ஆனால் உருகிய நெஞ்சோடு வாசகர் பார்வையாளர் கூட்டத்திலேயே நின்றுவிடக் கூடும். பின்செல்ல மறந்துவிடக் கூடும். ஆண்டவரின் மௌனத்தை மட்டும் பிரித்தெடுத்து, அநீதியின் முன் மௌனமே விசுவாசியின் பண்பு என்று போதிக்கும் ஆபத்தும் இதிலுண்டு. யோவான் நற்செய்தியில், தம்மை அறைந்தவனிடம் காரணம் கேட்டவரும் இதே ஆண்டவர்தாம் (18:23).

இக்குறையை நிறைவு செய்வதற்குரிய பொருள் இக்கதையிலேயே உள்ளது. பயணியின் தோழனுக்குக் கிருஷ்ணபிள்ளை இட்ட பெயர் நிதானி, அதாவது நிலைதவறாதவன். பன்யனின் கதையில், மாயச் சந்தையின் மன்றத்தில் நிறுத்தப்படும் இத்தோழன், இறைவார்த்தைக்கு முரணான சட்டத்தையும் வழக்கத்தையும் ஏற்க இயலாது என்று உரைத்து மரணத்தைப் பெறுகிறான். இதனை எழுதிய பன்யனும், அனுமதியின்றிப் பிரசங்கிப்பதை விடமாட்டேன் என்றதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் கிடந்தவர். அவர் இறைவனுக்குச் செவிசாய்த்தபடியால் மனிதருக்கு ‘இல்லை’ என்று கூற வேண்டியதாயிற்று. அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன் இவ்வாறே நின்றனர் (அப். 5).

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஊழியம் செய்வோர் இதை நன்கு அறிவர். சிப்காட் வளாகத்தின் ஆலைகளில் உழைப்போரில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். காப்புத் தகடு கழன்ற இயந்திரத்தில் கைவைக்குமாறு மேற்பார்வையாளர் ஏவும்போது, மறுத்தால் மறுநாள் வேலை இராது என்று அஞ்சும் இளைஞர், ஞாயிறன்று நம் ஆலயத்தில் அமர்ந்திருக்கிறார். ‘தாழ்மையாய்க் கீழ்ப்படி’ என்று மட்டும் நாம் கூறி நிறுத்தினால், அவர் செவியில் கேட்பது மேற்பார்வையாளரின் குரலே. இறைவன் அளித்த உடலைக் காப்பதும், உடன் உழைப்பவனுக்காகப் பேசுவதும் கீழ்ப்படிதலின் பகுதி என்று அவருக்கு யார் கூறுவார்?

மறுபுறமும் எச்சரிக்கை தேவை. அடக்குமுறைக்குத் துணைபோயிற்று என்பதற்காகக் கீழ்ப்படிதல் என்ற சொல்லையே களைந்துவிட விரும்புவோர் நம்மிடையே உண்டு. ஆனால் தன் விருப்பத்தைக் கையளிக்காத எதிர்ப்பு, தன்னையே அரியணையில் அமர்த்திக்கொள்ளும். நிதானியின் மறுப்பில் அகந்தையில்லை. அதன் விலையை அவன் பிறர்மீது சுமத்தவில்லை. இதுவே நமக்குரிய அளவுகோல்: மெய்யான கீழ்ப்படிதலின் சுமை கீழ்ப்படிபவர் தாமே விரும்பி ஏற்பது. பிறர் தோளில் ஏற்றிவிட்டு நாம் போற்றும் பணிவு, கிறிஸ்துவின் பணிவாகாது.

ஆதலின் நம் இறையியற் கல்லூரிகளில் இரட்சணிய யாத்திரிகத்தைப் பயிலும் மாணவர், குமார பருவத்தின் சோகத்தில் மட்டும் நில்லாது, நிதானியின் சான்றோடும் அதனை இணைத்துக் கற்பாராக. அடுத்த முறை கீழ்ப்படிதலைக் குறித்து அருளுரை ஆயத்தம் செய்யும்போது, இச்சொல்லை இன்று எவர் எவரிடம் கூறுகிறார், அதன் விலையை எவர் செலுத்துகிறார் என்ற இரு வினாக்களையும் நாம் முன்வைத்துக்கொள்ள வேண்டும்.