மரத்தடியில் மண் குதிரை

தர்மபுரி மாவட்டத்துப் பழைய எல்லைக் கோயில்களில் முதலில் கண்ணில் படுவது மரம். புளியாகவோ வேம்பாகவோ இருக்கும். அதன் நிழலில் முனியப்பன். அவருக்கு நேர்ந்து வைத்த மண் குதிரையும் மாடும் நாயும் கழுத்தொடிந்து, சருகு மூடிக் கிடக்கும். கொங்கு நாட்டில் இவற்றை உருவாரம் என்பார்கள். மாட்டுக்கு நோய் கண்டால் மாட்டு உருவம், பிள்ளை வரம் கேட்டால் குழந்தை உருவம். உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலையொட்டி இன்றும் மாட்டு உருவாரங்கள் குவிகின்றன. மதுரை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு மண் குதிரை சுமந்து செலுத்தும் புரவி எடுப்பு. குதிரை செய்யும் வேளாரே பல கோயில்களில் பூசாரியும்கூட.

உடைந்த குதிரைக் கால் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் தொழில் புரியும். உள்ளே கூடு, உட்சுவரில் குயவரின் விரல் தடம். உடைந்த விளிம்பில் நெல்மணி அளவுக்குச் சிறு குழிகள்: களிமண்ணோடு மிதித்த உமி சூளையில் எரிந்து விட்டுப்போன இடம். அந்த உமியும் அதோடு சேர்க்கும் மணலும் இல்லாவிட்டால் பெரிய உருவம் காயும்போதே வெடித்துவிடும். நான்கு கால்களை முதலில் நிறுத்தி, அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகே வயிறு, கழுத்து என்று மேலே வளர்ப்பார்கள். கண் திறந்ததும் அது சாமியின் குதிரை. மழையில் சிதைந்தாலும் வேரில் சிக்கி உடைந்தாலும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த வேண்டுதலுக்குப் புதுக் குதிரை வரும்.

விலங்கை மண்ணில் வடிக்கும் வழக்கம் தென்னாட்டில் மிகப் பழையது. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த இரும்புக் கால ஈமப்பேழை ஆட்டுக்கடா வடிவில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் மரத்தை நம் குயவர்கள் வடித்ததாகக் காண்பது அரிது. மெக்சிகோவின் மெட்டெபெக் ஊரில் இலையும் பறவையுமாகக் களிமண் மரமே செய்கிறார்கள். இங்கே அதற்குத் தேவை எழவில்லை என்றே நினைக்கிறேன். காணிக்கையைச் சுமந்து சாமியிடம் போக விலங்கு வேண்டும். சாமி குடியிருக்கும் மரமோ அங்கேயே வேரூன்றி நிற்கிறது.

இங்கே மரம் மண் சிற்பத்துக்குள் வந்தது பெரும்பாலும் நவீனப் பீங்கான் கலை வழியாகத்தான். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும் கலத்தொழிலை ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்தது. அங்கே பயின்ற மாத்வி சுப்ரமணியன் விதையையும் காயையும் சிற்பமாக்கினார். அதே புதுச்சேரியில், வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எல்லைக் கோயில்களிலோ சிமெண்ட் குதிரைகள் பெருகிவிட்டன. ஏரி வண்டலைக் குயவர்கள் கட்டணமின்றி எடுக்க 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது நல்ல காரியம். ஆனால் மண் மட்டும் கிடைத்தால் போதாது. கேட்டு வரும் ஆளும் வேண்டும். சிமெண்ட் குதிரையை ஒருமுறை நிறுத்திவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வேலை இல்லை. மண் குதிரை உடைவதால்தான் குயவரின் கை ஓயாமல் இருந்தது. அடுத்த நேர்த்திக்கடனை மண்ணிலேயே செலுத்துங்கள் என்பதுதான் என் வேண்டுதல்.