ஆளில்லா நிலத்தில் பெய்யும் மழை: யோபு 38–41 அதிகாரங்களைக் குறித்து

படைப்பைப் பற்றி நம் சபைகளில் அருளுரை நிகழ்த்தப்படும் தருணம் பெரும்பாலும் அறுப்பின் பண்டிகையே. அன்று பீடத்தின் முன் வாழைத்தார்களும் கரும்புக் கட்டுகளும் பூசணிக்காய்களும் குவிக்கப்படுகின்றன. ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படுகின்றன. இதில் குறை காண்பது நம் நோக்கமன்று. உழைத்தவன் தன் விளைச்சலின் முதற்பங்கை ஆண்டவரிடம் கொண்டுவருவது திருமறை கற்பித்த வழக்கமே. எனினும் ஆண்டுக்கு ஒரு முறை பேசப்படும் படைப்பு, மனிதன் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்க்கக்கூடிய படைப்பாக மட்டுமே இருந்துவிடுமானால், விசுவாசத்தின் பெரும் பகுதி ஒன்று நம் மக்களுக்கு மறைக்கப்பட்டே இருக்கிறது. இந்த எண்ணத்தோடு யோபு நூலின் 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களை மீண்டும் வாசிக்க முற்படுகிறோம்.

பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசும் இப்பகுதியின் பொருளடக்கத்தைச் சற்று நிதானித்துப் பார்த்தல் நலம். பூமியின் அஸ்திவாரம், கடல், விடியல், உறைபனியின் பண்டசாலைகள், விண்மீன் கூட்டங்கள் ஆகியவற்றை முதலில் பேசி, பின்னர் சிங்கம், காக்கை, வரையாடு, காட்டுக்கழுதை, காட்டெருது, தீக்குருவி, போர்க்குதிரை, ராஜாளி, கழுகு என்று உயிரினங்களுக்கு வருகிறார். முடிவில் பிகெமோத்தும் லிவியாதானும் வருகின்றன. இப்பட்டியலில் இல்லாதவை எவை என்று கேட்டால்தான் ஆசிரியரின் கருத்து விளங்கும். நூலின் முதல் அதிகாரம் யோபுவின் செல்வத்தைக் கணக்கிட்டுச் சொல்லுகிறது: ஆடுகள் 7,000, ஒட்டகங்கள் 3,000, ஏர்மாடுகள் 500 ஜோடி, கழுதைகள் 500. இவற்றில் ஒன்றேனும் கடவுளின் உரையில் இடம்பெறவில்லை. கழுதைக்குப் பதில் ஓட்டுகிறவனுடைய கூச்சலைக் காதில் வாங்காத காட்டுக்கழுதை. ஏர்மாட்டுக்குப் பதில் எவன் தொழுவத்திலும் தங்காத காட்டெருது. மனிதன் பழக்கிய விலங்கு குதிரை ஒன்றே. அதுவும் வண்டியிழுக்கும் குதிரையன்று, எக்காளம் கேட்டுக் களிக்கும் போர்க்குதிரை. மனிதனோ அங்குமிங்கும் ஓரத்தில் தோன்றி மறைகிறான். தன் உடைமையின் வழியாகவே உலகை அறிந்திருந்த ஒருவனுக்கு, அவனுடைய உடைமையாக ஒருபோதும் ஆகாத உலகம் காட்டப்படுகிறது.

(நம் பழைய மொழிபெயர்ப்பு இங்குக் காட்டெருதைக் காண்டாமிருகம் என்று தருகிறது. எபிரேய மூலத்திலுள்ள 'ரேஎம்' என்னும் சொல் பெருங்கொம்புடைய காட்டெருதையே குறிக்கும் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அவ்வினத்தின் கடைசி விலங்கு 1627-இல் போலந்து நாட்டுக் காடொன்றில் இறந்தது. 'இது உன்னைச் சேவிக்குமோ' என்று கடவுள் கேட்ட அவ்விலங்கைப் பணியவைக்க இயலாத மனிதன், அற்றுப்போகச் செய்ய மட்டும் வல்லவனானான். அருளுரையாளர் இதனை நினைவில் கொள்வது தகும்.)

இப்பகுதிக்கு முன்னரே இதே நூலில் படைப்பைப் பற்றிய அருளுரை ஒன்று இருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 36, 37 ஆம் அதிகாரங்களில் எலிகூ இடி, மின்னல், மழை, உறைபனி ஆகியவற்றைக் காட்டி, நின்று தியானிக்கும்படி யோபுவுக்குப் புத்தி சொல்லுகிறான். சொற்கள் அழகானவை, கருத்தும் ஏறத்தாழக் கடவுள் சொல்லப்போவதையே ஒத்திருப்பது போலத் தோன்றும். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. மேகங்கள் தண்டிப்பதற்காகவோ, நிலத்திற்காகவோ, இரக்கம் காட்டுவதற்காகவோ அனுப்பப்படுகின்றன என்பது எலிகூவின் கொள்கை. ஒவ்வொரு துளிக்கும் ஒரு காரணம் அவன் கையில் ஆயத்தமாக இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் கடவுள் பேசும்போதோ, ஆள் நடமாட்டமே இல்லாத பாழ்நிலத்தில் மழையைப் பெய்வித்துப் புல்லை முளைப்பிப்பதைச் சொல்லுகிறார். அம்மழை எவனையும் தண்டிக்கவில்லை. எவன் வயலையும் நனைக்கவில்லை. பெருவிற்கு நாட்டு இறையியலார் குஸ்தாவோ குத்தியேரஸ், யோபுவைப் பற்றி 1986-இல் வெளியிட்ட தம் நூலில், கைம்மாறு கருதாத கடவுளின் அன்பை இவ்வுரைகளில் கண்டார். அவர் கண்டது சரியே. எலிகூவின் உரைக்குக் கடவுள் பாராட்டோ மறுப்போ சொல்லாது விட்டிருப்பதும் நோக்கத்தக்கது. நம் பிரசங்க பீடங்களில் படைப்பைப் பற்றி ஒலிப்பது பெரும்பாலும் எலிகூவின் குரலே என்று சொல்லுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அது உண்மையென்றே கருதுகிறோம்.

இக்குரலுக்கு மேனாட்டு இறையியலிலும் நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த வில்லியம் பேலி 1802-இல் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' என்னும் நூல், வெளியிடத்தில் கிடக்கும் கடிகாரத்தைக் காண்பவன் அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று துணிவான் என்ற உவமையோடு தொடங்குகிறது. அக்கடிகாரம் இன்றும் நம் நற்செய்திக் கூட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனோடு நம்மவர் இளநீரையும் சேர்த்துக்கொண்டனர்: தாகத்தால் வாடும் மனிதனுக்காக மரத்தின் உச்சியில் இனிய நீரை முத்திரையிட்டு வைத்தவர் யார் என்று கேட்பர். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் பயனை அடிப்படையாகக் கொண்ட வியப்பு, பயனற்றதும் கொடியதுமான ஒன்றைக் கண்டதும் நிலைகுலையும். பேலியின் நூல்களை இளமையில் விரும்பிப் பயின்றவரும், ஒரு காலத்தில் குருத்துவப் பணிக்கெனக் கேம்பிரிட்ஜில் படித்தவருமான டார்வின், 1860-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் ஏசா கிரே என்னும் அமெரிக்க அறிஞருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் இருந்துகொண்டு அதையே உண்டு வளரும் குளவியினத்தை, அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் திட்டமிட்டே படைத்தார் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என்பது அதன் கருத்து. அவருடைய அருமை மகள் ஆனி 10 வயதில் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

யோபு நூலின் ஆசிரியர் குளவியைக் கண்டு திகைத்திருக்க மாட்டார். அவருடைய கவிதையில் விலங்குகளின் பகுதி சிங்கத்தின் இரையோடு தொடங்கி, கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுவதோடு முடிகிறது. இடையில் தீக்குருவி வருகிறது: முட்டைகளை மண்ணில் இட்டுவிட்டு, எந்தக் கால் மிதிக்குமோ என்று கவலைப்படாமல் போகும் பறவை. கடவுளே அதற்குப் புத்தியைக் கொடுக்கவில்லை என்று கவிஞர் சிரிப்போடு சொல்லுகிறார். (உண்மையில் பகலில் பெண் பறவையும் இரவில் ஆண் பறவையும் அடைகாக்கின்றன என்று விலங்கியலார் கூறுவர்; அதனால் கவிதைக்குக் குறைவொன்றுமில்லை.) புத்தியற்ற அப்பறவை ஓட எழும்பும்போது குதிரையையும் அதன்மேல் ஏறியவனையும் பார்த்து நகைக்கிறது. படைப்பின் ஒழுங்கையும் பயனையும் நிறுவ வேண்டுமென்றால் இவற்றைவிடப் பொருத்தமற்ற சான்றுகளைத் தெரிந்தெடுக்க முடியாது என்பதை ருடால்ஃப் ஆட்டோ 1917-இல் வெளிவந்த 'புனிதம்' என்னும் நூலில் சுட்டிக்காட்டினார். யோபுவின் உள்ளத்தை அமைதிப்படுத்துவது காரண விளக்கமன்று, மறைபொருளே என்பது அவர் முடிவு. இது பெரிதும் ஏற்கத்தக்கது. ஆனால் ஆட்டோவின் விளக்கத்தில் அச்சம் மேலோங்கி நிற்கிறது. தன் முரட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் தந்தையின் பெருமிதம் இவ்வுரையில் உண்டு என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை.

மற்றொரு தவறான பயன்பாட்டைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு மேற்செல்லுவோம். அறிவியல் பின்னர் கண்டுபிடித்ததை யோபு முன்னரே சொல்லிவிட்டார் என்று நிறுவும் துண்டுப்பிரதிகள் நம் மாணவர் கைகளில் உலவுகின்றன. அறுமீன் கூட்டம் ஈர்ப்பினால் பிணைக்கப்பட்டிருப்பதை 38-ஆம் அதிகாரம் அறிவித்ததாம். கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பது 1977-இல் காலாபகஸ் தீவுகளின் அருகே தெரியவருமுன்பே அங்குச் சொல்லப்பட்டதாம். அதே அறுமீன் கூட்டமும் இன்னும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளில் கலைந்து சிதறும் என்று வானியலார் கணிக்கின்றனர். அப்போது இந்தச் சான்று என்னவாகும்? 26-ஆம் அதிகாரம் பூமி ஒன்றுமில்லாமையின்மேல் தொங்குவதாகக் கூறுகிறதென்று மகிழ்பவர்கள், 38-ஆம் அதிகாரம் அதன் ஆதாரங்கள் எதன்மேல் ஊன்றப்பட்டன என்று கேட்பதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகின்றனர். உனக்குத் தெரியுமோ என்று கடவுள் கேட்ட வினாக்களையெல்லாம், எங்களுக்கு முன்னமே தெரியும் என்னும் விடைகளாக மாற்றுவது, இப்பகுதியின் நோக்கத்தையே தலைகீழாக்குவதாகும்.

இனி, நம் கடற்கரைச் சபைகளில் இப்பகுதியை வாசிப்பவர் தவிர்க்க முடியாத இடத்திற்கு வருகிறோம். 38-ஆம் அதிகாரத்தின் 8 முதல் 11 வரையுள்ள வசனங்கள், கடலுக்குக் கதவுகளும் தாழ்ப்பாள்களும் இட்டு, இம்மட்டும் வரலாம், அதற்குமேல் வரலாகாது என்று கடவுள் எல்லை குறித்ததைக் கூறுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ரா தீவின் அருகே கடலடியில் உண்டான நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை அந்த எல்லையைக் கடந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் மறுநாள் அது. அந்தக் கரையில் நின்று இவ்வசனங்களை எவ்வாறு வாசிப்பது?

இது பாவத்திற்குத் தண்டனை என்றவர்கள் இருந்தனர். எலிப்பாசின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கற்றறிந்தவர்கள் கூறிய விடை வேறு. நிலத்தட்டுகளின் இயக்கமே மலைகளை எழுப்பி, காற்று மண்டலத்தைச் சீர்ப்படுத்தி, பூமியை உயிர்வாழத்தக்கதாக வைத்திருக்கிறது. நிலநடுக்கம் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்றனர். அறிவியல் அளவில் இதை மறுக்க நாம் முற்படவில்லை. ஆனால் பிள்ளையை இழந்த தாயிடம் இதைச் சொல்லுவது பேலிக்குப் புதிய உடை உடுத்துவதேயாகும். மொத்தத்தில் பயன் உண்டென்று காட்டி, அவளுடைய இழப்பைக் கணக்கில் ஒரு செலவாக எழுதிவிடுகிறோம். கடவுள் யோபுவிடம் அத்தகைய கணக்கு எதையும் காட்டவில்லை.

வசனங்களையே மீண்டும் நோக்குவோம். பாபிலோனியரின் கதையில் மர்தூக் தெய்வம் கடலாகிய தியாமத்தைக் கொன்று பிளக்கிறது. 1929 முதல் ராஸ் ஷம்ராவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகாரித்து ஏடுகளில் பாகால் கடலாகிய யாம் என்பவனை வீழ்த்துகிறான். யோபு நூலிலோ கடல் கொல்லப்படவில்லை. அது கர்ப்பத்திலிருந்து பீறிட்டு வருகிறது. கடவுள் மருத்துவச்சியைப் போல மேகத்தை அதற்கு ஆடையாக்கி, காரிருளால் அதைச் சுற்றிப் பொதிகிறார். அதன்பின்னரே கதவும் தாழ்ப்பாளும் வருகின்றன. அடக்கப்படுவது உயிருள்ளதும் பெருமைகொண்டதுமான ஒன்று. அதன் ஆற்றல் அழிக்கப்படவில்லை. கடல் இனி எவனுக்கும் தீங்கு செய்யாது என்ற வாக்குறுதி இங்கு இல்லை. கடல் மனிதனுக்கு மட்டுமல்ல, கடவுளுக்கும் உரிய ஒன்று என்பதே இருக்கிறது. இதைக் கேட்டு ஆறுதலடைவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளாத அருளுரையை நாம் நம்பமாட்டோம்.

அப்படியானால் யோபுவின் உள்ளம் எதனால் அமைதியடைந்தது? இங்கு இராபர்ட் ஆல்டர் 1985-இல் வெளியிட்ட விவிலியக் கவிதை பற்றிய நூல் நமக்குப் பெருந்துணை. மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான்: அன்றைய விடியற்கால நட்சத்திரங்கள் இருண்டுபோகட்டும் என்கிறான்; தன்னைச் சுமந்த கர்ப்பத்தின் கதவுகள் அடைக்கப்படவில்லையே என்று புலம்புகிறான். 38-ஆம் அதிகாரத்தில் அதே உருவகங்கள் திரும்பி வருகின்றன. விடியற்கால நட்சத்திரங்கள் இப்போது பாடுகின்றன. கதவுகள் கர்ப்பத்திலிருந்து வெளிப்பட்ட கடலுக்கு இடப்படுகின்றன. ஆல்டர் இதைக் கவிதை நயமாக விளக்குகிறார். ஆயர் பணி செய்வோர் அதற்கு மேலும் காணவேண்டியது உண்டு. யோபுவின் முதல் புலம்பலை ஒரு சொல்லும் விடாமல் கேட்டிருந்தவரே இவ்வாறு பேசமுடியும். நண்பர்கள் தங்கள் கொள்கைக்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தபோது, கடவுள் கேட்டுக்கொண்டிருந்தார். படைப்பின் விந்தை அவனுக்குக் காட்டப்பட்டது அந்தக் கேட்டலுக்குப் பின்னரே. துக்க வீட்டில் நாம் வரிசையை மாற்றிவிடுகிறோம். கேட்பதற்கு முன்னரே விண்மீன்களைக் காட்டத் தொடங்குகிறோம்.

42-ஆம் அதிகாரத்தின் 6-ஆம் வசனம் இவ்விடத்தில் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது. யோபு தன்னையே அருவருப்பதாகப் பழைய மொழிபெயர்ப்பு கூறுகிறது. எபிரேய மூலத்தில் அவ்வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் இல்லை. 'என்னை' என்பது மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. மனஸ்தாபம் என்று பெயர்க்கப்பட்ட 'நாகம்' என்னும் வினைக்கு ஆறுதலடைதல் என்ற பொருளும் உண்டு. தன் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தூளிலும் சாம்பலிலும் இருந்தபடியே யோபு தேற்றரவு பெறுகிறான் என்று வாசிக்க இலக்கணம் இடங்கொடுக்கிறது. அடுத்த வசனம் அதையே வேண்டுகிறது. அங்குக் கடவுள் கோபங்கொள்வது யோபுவின்மேல் அன்று, நண்பர்களின்மேல். நிதானமாய்ப் பேசினவன் யோபுவே என்று தீர்ப்புச் சொல்லுகிறார். 1554, 1555 ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் யோபுவின்மேல் 159 அருளுரைகள் நிகழ்த்திய கால்வின், யோபுவின் வழக்கு நல்லதென்றும் அதை நடத்திய முறையே தவறென்றும் கருதினார். அவரிடம் நாம் பெற்ற மரபு மிகப் பெரிது. ஆனால் இவ்விடத்தில் அவர் கடவுளைவிடச் சற்றுக் கண்டிப்பானவராகவே இருந்தார் என்று சொல்லத் துணிகிறோம்.

நூலின் முடிவில் மந்தைகள் இரட்டிப்பாகின்றன. பிரசங்கிகள் விரும்பி நிற்கும் இடம் அது. அதற்கு அடுத்த வசனங்களில் குமாரர் எழுவரின் பெயர்கள் சொல்லப்படவில்லை. குமாரத்திகள் மூவரின் பெயர்கள் மட்டும் சொல்லப்படுகின்றன. எமீமாள் என்பது புறா. கெத்சீயாள் என்பது இலவங்கத்தின் மணம். கேரேனாப்புக் என்பது கண்மை வைக்கும் கொம்பு. சகோதரரோடு அவர்களுக்கும் தகப்பன் சுதந்தரம் கொடுத்தான். முதல் அதிகாரத்து யோபு, தன் பிள்ளைகள் ஒருவேளை பாவஞ்செய்திருப்பார்களோ என்றெண்ணி விடியற்காலையில் எழுந்து பலியிட்டுக்கொண்டிருந்தவன். பெருங்காற்றின் குரலைக் கேட்ட பின்பு தன் பிள்ளைகளுக்காக அவன் பலியிட்டதாக நூல் கூறவில்லை. இப்பெயர்களை இட்டதாகக் கூறுகிறது.