புளிப்பு இல்லாத இடத்தில் பென்சோயேட்

கடை ஊறுகாய்ப் புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ‘ஐஎன்எஸ் 211’ என்று இருந்தால் அது சோடியம் பென்சோயேட். அதை நஞ்சு என்று ஒதுக்குவோர் உண்டு. ஒரு சிட்டிகை போட்டால் எதுவும் கெடாது என்று நம்புவோரும் உண்டு. இரு தரப்பும் அந்த மூலக்கூறில் உண்மையில் வேலை செய்யும் பகுதியைக் கவனிப்பதில்லை. அது பென்சீன் வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்சில் தொகுதி.

ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். அவ்வளவுதான் அந்தத் தொகுதி. ஹைட்ரஜனை அயனியாக விட்டுவிட்டால் மிஞ்சும் எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே அது ஹைட்ரஜனை எளிதில் விடும். சூழல் புளிப்பாக இருந்தால் திரும்பவும் ஏற்கும். பென்சோயேட்டின் பலமும் பலவீனமும் இந்த விட்டு ஏற்கும் குணத்தில்தான் இருக்கின்றன.

நாம் சேர்ப்பது ஹைட்ரஜன் இழந்த உப்பு. நீரில் நன்றாகக் கரையும் என்பதற்காக. ஆனால் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் முக்கியமாக அடக்குவது அந்த வடிவம் அன்று. மின்சுமை கொண்ட பென்சோயேட்டால் செல் சவ்வை எளிதில் கடக்க முடியாது. ஹைட்ரஜனைத் திரும்பப் பெற்ற பென்சோயிக் அமிலம் கடந்துவிடும். செல்லின் உள்ளே பிஎச் ஏறத்தாழ 7. அங்கே ஹைட்ரஜன் மீண்டும் பிரிய, செல்லின் உட்புறம் புளிக்கத் தொடங்குகிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ளுவதிலேயே ஆற்றல் கரைந்து ஈஸ்ட்டின் வளர்ச்சி முடங்குகிறது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். பிஎச் 4.2 இருக்கும்போது சேர்த்ததில் பாதிதான் அமில வடிவில் இருக்கும். 3.2 என்றால் சுமார் 91 சதவீதம், 5.2 என்றால் வெறும் 9, 6.2 என்றால் 1. கிலோவுக்கு 250 மில்லிகிராம் சேர்ப்பதாகக் கொள்வோம். எலுமிச்சை ஊறுகாயில் அதில் பெரும்பகுதி வேலை செய்யும். புளி குறைந்த பூண்டுத் தொக்கில் அதே அளவு பெயருக்குத்தான் இருக்கும். புளியின் டார்டாரிக் அமிலத்தில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகள், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தில் மூன்று. பென்சோயேட் இழந்த ஹைட்ரஜனைத் திருப்பித் தருபவை இவைதான். ஆகவே புளிப்புக்குத் துணையாக நிற்கும் பொருளைப் புளிப்புக்கு மாற்றாகப் பயன்படுத்துவதே பென்சோயேட் சேர்க்கும் வழக்கத்தின் பெரிய பிழை என்பேன்.

நஞ்சு என்ற குற்றச்சாட்டு நிற்காது. பட்டையிலும் கிரான்பெர்ரியிலும் பென்சோயிக் அமிலம் இயல்பாகவே உண்டு. உடல் அதைக் கிளைசீனோடு இணைத்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இது 1840களிலேயே தெரிந்த செய்தி. 2021-இல் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றிருந்த ஏற்கத்தக்க உச்ச அளவை 20 ஆக உயர்த்தியது.

அக்கறைப்பட வேண்டிய குறை வேறு. பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் சேர்ந்து, செம்பு அல்லது இரும்பின் சுவடும் வெப்பமும் ஒளியும் வாய்த்தால் கார்பாக்சில் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடக்கூடும். எஞ்சுவது பென்சீன், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 1990-இல் அமெரிக்கக் குளிர்பானங்களில் இது தெரியவந்தது. 2005-06 சோதனைகளில் மறுபடி சிலவற்றில் பென்சீன் அளவு, அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியது. அளவு சிறிது, உண்மைதான். ஆனால் செய்முறையை மாற்றியே தவிர்க்கக்கூடிய ஒன்றைச் சிறிதளவும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

புளிப்பைக் கூட்டினால் பென்சோயேட்டே வேண்டாம் என்பதற்கும் சான்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க அரசின் வேதியியலாளர் ஹார்வி வைலி பென்சோயேட்டை எதிர்த்துவந்த காலத்தில், ஹெய்ன்ஸ் நிறுவனம் நன்கு பழுத்த தக்காளியும் கூடுதல் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, பென்சோயேட் இல்லாத கெட்சப்பை விற்றுக் காட்டியது. வினிகரின் அசிட்டிக் அமிலமும் கார்பாக்சில் குடும்பம்தான்.

புளிப்பு போதாவிட்டால் எண்ணெயில் மூழ்கிய பூண்டில் ஆபத்து இன்னும் பெரிது. காற்றுப் புகாத, பிஎச் 4.6-க்கு மேலான இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். 1985-இல் வான்கூவரில் குளிரூட்டாமல் வைத்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1989-இல் மறுபடி நடந்தபோது, குளிர்ப்பெட்டியை மட்டும் நம்பி அதை விற்கக் கூடாது, சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் போன்றவை சேர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. வீட்டில் பூண்டுத் தொக்கு போட்டு விற்பவருக்குப் பென்சோயேட் பொட்டலத்தைவிட முதலில் வேண்டியது ஒரு பிஎச் மீட்டர். அது 4.6-க்கு மேல் காட்டினால் இன்னும் புளி சேர்க்க வேண்டும்.