பின்வரிசைக் கடம் முன்வரிசைக்கு வந்த கச்சேரி
('ஷக்தி' நேரடி இசைத்தட்டு: ஒரு பார்வை)

ஜாஸ் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவாகி, 1976-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'ஷக்தி வித் ஜான் மக்லாக்லின்' என்ற தட்டில் வாசித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் தமிழர். வயலின் எல். சங்கர், கடம் டி.எச். 'விக்கு' விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன். மற்ற இருவர் பம்பாய்த் தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன், இங்கிலாந்துக் கித்தார் கலைஞர் ஜான் மக்லாக்லின்.

ஊர் விட்டு ஊர் போன தமிழர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஊர் பெயர்ந்தவர்கள்

எல். சங்கரின் பிள்ளைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. பின்னர் சங்கர் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் சென்றார். 'ராம்நாட்' ராகவன் அங்கேதான் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். மக்லாக்லின் வீணை கற்றதும் அதே வெஸ்லியனில், டாக்டர் எஸ். ராமநாதனிடம். ஆக, சென்னைச் சபாக்கள் இந்தக் குழுவைச் சேர்த்துவைக்கவில்லை. பிழைப்புக்கும் படிப்புக்கும் வெளியே போனவர்கள் சந்தித்துக்கொண்ட இடத்தில்தான் அது உருவாயிற்று.

யார் பிரதானம்?

நம் கச்சேரி முறை எல்லோரும் அறிந்ததே. நடுவில் பாடகர். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கடம், கஞ்சிரா, முகர்சிங் எல்லாம் உபபக்கவாத்தியம், பெரும்பாலும் பின்வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் விட்டுக் கொடுத்தால்தான் கடத்துக்கு நாலு நிமிஷம். அதிலும் தனி ஆரம்பிச்சாச்சுன்னா காப்பி குடிக்க எழுந்துபோகிற கூட்டம் ஒன்று எல்லாச் சபாவிலும் உண்டு!

1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் இதே விநாயக்ராம்தான். அன்று அவர் பக்கபலம். ஒன்பது ஆண்டு கழித்து, அதே நியூயார்க் மாநிலத்தில், இந்தத் தட்டில் அவர் மற்ற நால்வரோடு சமமாக வாசிக்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிவின் பெரிய சாதனை இதுதான். கிழக்கும் மேற்கும் கலந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பக்கவாத்தியம் என்ற சொல்லே இங்கு பொருளிழந்து போவதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

இதற்கு ஜாஸ் வழக்கம் உதவியது. நார்வே நாட்டுப் பியானோ கலைஞர் தூர்ட் குஸ்தாவ்சென் குழுவின் 'சேஞ்சிங் பிளேசஸ்' (2003) போன்ற தட்டுகளைக் கேட்டால் இது விளங்கும். பியானோ, பெரிய பாஸ் வாத்தியம், டிரம்ஸ் என்று மூவர். பெயர் பியானோக்காரருடையது. ஆனாலும் மற்ற இருவரும் ஒத்து ஊதுகிறவர்கள் அல்லர். மூவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுரிமை ஷக்தியில் நம் கடத்துக்கும் கிடைத்தது.

தட்டின் உள்ளே

மூன்றே உருப்படிகள். முதலாவது 'ஜாய்', சுமார் 18 நிமிடம். கித்தாரும் வயலினும் ஒரே வரியை அசுர வேகத்தில் சேர்ந்து வாசிக்கின்றன. மின்சாரக் கித்தாரின் பேரிரைச்சலோடு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய மக்லாக்லின், இங்கே மரக் கித்தாரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷக்திக்கென்றே செய்த அவருடைய கித்தாரில் குறுக்கே ஏழு அனுதாபத் தந்திகள் உண்டு. மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியதால், வீணை போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, நம் இசைக்காக வாத்தியத்தையே மாற்றிக்கொண்டவர் அவர்.

இரண்டாவது 'லோட்டஸ் ஃபீட்', அதாவது பாதகமலம். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. வேகமே இல்லை. வயலின் ஒரு எளிய மெட்டை மெல்ல எடுத்துச் சொல்ல, தாளம் அடங்கி நிற்கிறது. தட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

மூன்றாவது ஏறக்குறைய 29 நிமிடம். தட்டின் மறுபக்கம் முழுவதும் அதுவே. 'இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு' என்று தொடங்கி, ஆண்டவன் திருவடியில் ஆடுவதாகச் சொல்லி, எல்லாம் ஆனந்தம் என்று முடிகிற நீண்ட பெயர். தபேலா, மிருதங்கம், கடம் மூன்றும் இங்கே தாராளமாக உலவுகின்றன. ராகவனின் மிருதங்கம் ஒலிக்கும் ஷக்தி தட்டு இது ஒன்றுதான். அடுத்த இரண்டிலும் ராகவன் இல்லை. தோல் வாத்தியங்களுக்கு நடுவே களிமண் பானையின் கணீர் ஒலி தனித்துக் கேட்பதை இதில்தான் நன்றாக உணரலாம்.

குறை உண்டா?

உண்டு. ஒன்று, வேகம். கல்லூரி மேடைப் பரபரப்பில் கலைஞர்கள் மேலும் மேலும் விரைகிறார்கள். ராகத்தை நிதானமாக ஆலாபனை செய்து காட்டும் பொறுமை குறைவு. விறுவிறுப்பு நேரடிப் பதிவின் பலம், ஆனால் அதுவே பலவீனமும் ஆகிறது.

இரண்டாவது பெரிய குறை. இதில் சாகித்தியம் இல்லை. வாத்தியக் கச்சேரியில் சாகித்தியம் ஏது என்பீர்கள். பாலகொல்லு தந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தியாகராஜர் கீர்த்தனை வாசித்தால், கேட்கிறவர் மனசு கூடவே பாடும். நாதஸ்வரமும் அப்படியே. வடமாலபேட்டையில் இருக்கிற நமக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த பகுதி இது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ்நாட்டுச் சபாவில் பாதி பேருக்கு அர்த்தம் தெரியாத கீர்த்தனை, நம் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு மொழி. அந்தச் சொல் தரும் பிடிமானம் ஷக்தியில் கிடைக்காது. ஒலியாலும் கணக்காலும் மட்டுமே அது நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐவரும் சமம் என்றாலும் அட்டையில் அச்சான பெயர் ஒன்றுதான். வியாபாரம் அதன் வழியில் போயிருக்கிறது.

தொடர்ச்சி

குழு 1978-இல் கலைந்தது. சங்கர் பின்னர் நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பாரெக்குடன் 'சாங் ஃபார் எவ்ரிஒன்' (1985) தட்டில் வாசித்தார். 1997-க்குப் பிறகு 'ரிமெம்பர் ஷக்தி' என்று மறுபிறப்பு. அதில் ஸ்ரீநிவாஸ் மாண்டலினோடு வந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். மீண்டும் உபபக்கவாத்தியம் ஒன்று முன்வரிசையில்! 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15-இல் ஜாகிர் உசேன் மறைந்தார்.

ஸ்ரீநிவாஸ் 2014-லேயே போய்விட்டார். போனவர்களின் மேடையை நமக்குத் தருவது இத்தகைய நேரடிப் பதிவுகள்தான்.

வெளி மாநிலத்தில் வாழும் நாமும் ஒருவகையில் பின்வரிசைக்காரர்களே. கூட்டத்தில் நம் குரல் மெதுவாகத்தான் கேட்கும். அதற்காகச் சுருதியை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்று அந்தக் கடம் சொல்கிறது. கித்தாருக்காக அது தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, கித்தாரோடு சண்டையும் போடவில்லை. காலப்பிரமாணம் பிசகாமல் நின்றது, மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். முதலில் 'லோட்டஸ் ஃபீட்', பிறகு மற்றவை. மூன்றாவது உருப்படியை இரண்டாம் முறை போடும்போது கித்தாரை விட்டுவிட்டுக் கடத்தை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள்.